ஹவானா வழியில் தொலைந்த மதியம்

1930 நவம்பர் 11

மாமியார் வீட்டில் மதிய விருந்து. ஆட்டிறைச்சி சரியாக வேகவில்லை. யாரும் வாயைத் திறக்கவில்லை. லாத்ரப் குடும்பத்தில் வேகாத இறைச்சியையும் ஒத்துவராத மருமகளையும் முகம் சுளிக்காமல் விழுங்கிவிடுவார்கள்.

"ஹெஸ்டர், இந்தக் குளிர்லயும் பறக்கத்தான் போறியா?" என்றார் மாமியார். "பொத்தான் தச்சுச் சம்பாதிச்ச பணம். பாவம் உங்கப்பா, அது தரையிலயே இருக்கும்னு நெனச்சிருப்பார்."

அப்பா பொத்தான் தைத்தவர் அல்ல, செய்தவர். இந்த நாட்டுச் சட்டைகளில் பாதி அவருடைய பொத்தான்களால்தான் மூடிக்கொள்கின்றன. அதைச் சொன்னால் சண்டையாகும். நான் பட்டாணியை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். விமானம் ஓட்ட உரிமம் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. பத்திரிகைக்காரர்களுக்கு இன்றும் நான் 'பொத்தான் இளவரசி'தான்.

திரும்பும் வழியில் வின் என் கையைப் பிடித்துக்கொண்டான். வின்த்ரோப் என்ற முழுப்பெயரைச் சொல்லி என் கணவனை அவன் அம்மா மட்டும்தான் கூப்பிடுவார்.

"அம்மா சொன்னதுல ஒண்ணு மட்டும் சரி. குளிரு. வா, உனக்கு ஒண்ணு காட்டுறேன்."

காரை நேரே மினியோலா விமானத் திடலுக்கு விட்டான். கொட்டகையில் என் விமானம் 'நீலக் கொக்கு' நின்றிருந்தது. எனக்குத் தெரியாமல் அதில் ஒரு சூட்டுக் குழாய் பொருத்தியிருக்கிறான். எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகர உறை. அதில் சூடாகும் காற்று, குழாய் வழியாக என் காலடிக்கே வந்துவிடும். போன குளிர்காலத்தில் என் விரல்கள் மரத்து நீலம் பாரித்துப் போனதை அவன் மறக்கவில்லை.

பத்து வருடங்களில் அவன் வாங்கித் தந்த முத்துமாலைகளைவிட இது பிடித்திருக்கிறது. அதை அவனிடமே சொன்னேன். அவனுக்குக் காது சிவந்துவிட்டது.

நவம்பர் 15

கனெக்டிகட் கரைவரை போய்வந்தேன். வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பதுபோல் கதகதப்பு. திரும்பியதிலிருந்து தலைவலி. நேற்று தோழி டீலியா கொண்டுவந்த திருட்டு ஜின் யார் வீட்டுக் குளியல் தொட்டியில் காய்ச்சியதோ.

நவம்பர் 27

நன்றி நாள் விருந்து. காலையில் பறந்துவிட்டு நேரே வந்து உடை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். வான்கோழி வந்தது. வழக்கப்படி நான் எழுந்து மாமியாருக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும். எழுந்தேன். கோப்பையைத் தூக்கினேன்.

அவர் பெயர் வரவில்லை.

பத்து வருடமாகக் கூப்பிடும் பெயர். எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார், மூக்கு, தோடு, எல்லாம் தெரிகிறது. பெயர் மட்டும் இல்லை. "எல்லாருக்கும்!" என்று சொல்லிக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். வின் சிரிக்கவில்லை. அப்படி ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அப்பா அம்மாவை அப்படித்தான் பார்ப்பார்.

அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் பெயர்கள். அப்புறம் கிழமைகள். அப்புறம் வெள்ளை வேலி போட்ட அந்த இல்லம். சாகும்வரை அங்கேதான் இருந்தாள்.

இல்லை. எனக்கு அப்படியில்லை. தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான்.

நவம்பர் 28

எலினார். மாமியார் பெயர் எலினார்.

டிசம்பர் 4

டாக்டர் கிரிம்ஷா வந்தார். கண்ணைப் பார்த்தார், முழங்காலைத் தட்டினார், அம்மாவைப் பற்றிக் கேட்டார். என்னைப் பற்றிக் கேட்டதைவிட அதிகமாகவே.

"நரம்புத் தளர்ச்சி, மிஸஸ் லாத்ரப். பெண்களோட நரம்பு அந்த உயரத்துக்குன்னு படைக்கப்பட்டது இல்லை. ஆனா பாருங்க, கன்னம் எப்படி ரோஜா மாதிரி இருக்கு! உடம்புல கோளாறே இல்லை."

உடம்பில் கோளாறு இல்லையென்றால் வேறு எங்கே? அதை அவர் சொல்லவில்லை. வெளியே கூடத்தில் வின்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். 'லிட்ச்ஃபீல்டு' என்ற ஊர்ப்பெயர் மட்டும் காதில் விழுந்தது. அங்கே ஓய்வு இல்லம் ஒன்று இருக்கிறது. வெள்ளை வேலி இருக்கிறதா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அவர் போனபிறகு வின் என் நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"ஹவானா பயணத்தை நிறுத்தச் சொல்லமாட்டேன், ஹெட்டி. அது உன் கனவு. போயிட்டு வா. வந்ததும் லிட்ச்ஃபீல்டு. வசந்தம் முடியறவரைக்கும். சரியா?"

"அதுக்கப்புறம் பறக்கலாமா?"

எழுந்து போய்க் கணப்பில் ஒரு கட்டையைப் போட்டான். அதுவே பதில். நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன்? பயம். நானே என்னை நம்பாதபோது அவனை நம்பாமல் என்ன செய்வது?

டிசம்பர் 19

பறந்த நாட்களில்தான் மோசமாக இருக்கிறது. டாக்டர் சொன்னது சரிதானோ.

1931 ஜனவரி 2

டீலியா மூர்ஹெட் வீட்டுப் புத்தாண்டு விருந்து. ரயில் கம்பெனி முதலாளியின் மகள், என்னைப் போலவே விமானம் வைத்திருப்பவள், ஆனால் கூரையில்லாத இரட்டை இறக்கை விமானம். முகம் முழுக்க எண்ணெயோடு இறங்கி, அப்படியே நடனத்துக்கு வந்துவிடுவாள்.

"அடியே பொத்தான்! ஹவானாவுக்கு ரகசியமா கிளம்புறியாமே? ஊருக்கே தெரியும்" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினாள். "உன் ரதத்துல இப்ப கணப்பு அடுப்பு வேற இருக்காம். அடுத்தது என்ன, பியானோவா?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பின்னால் மாடத்தில் தனியாக இருந்தபோது, "உடம்பு சரியில்லையாடி?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் கேலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜனவரி 13

வானிலை சரியாக இருந்தால் நாளை மறுநாள்.

எமில் சாண்ட்கிரென் என்னோடு வருகிறார். மினசோட்டாக்காரர், தபால் விமானம் ஓட்டியவர். பேச்சைத் தபால்தலைபோல் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பவர். நியூயார்க்கிலிருந்து ஹவானாவரை, நடுவில் எங்கும் இறங்காமல், பெண் ஒருத்தி ஓட்டி வந்ததாகப் பதிவாக வேண்டுமென்றால், ஸ்டியரிங்கை நான் மட்டுமே பிடிக்க வேண்டும் என்பது விமானிகள் சங்கத்தின் விதி. இரண்டு ஸ்டியரிங் இருக்கிறது. அவர் பக்கத்தில் இருப்பதை அவர் தொடக்கூடாது. வழி பார்க்கலாம், அவ்வளவுதான். இறங்கியதும் அப்படியே சத்தியம் செய்து தர வேண்டும்.

"முடியும்ல மேடம்?" என்றார் இன்று.

"முடியாதுன்னா நீங்க ஓட்டுவீங்களா?"

"ஓட்டமாட்டேன். இறக்கச் சொல்லுவேன்."

நல்ல மனிதர்.

ஜனவரி 15, ஹவானா

வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

எழுதிப் பார்க்கிறேன், வரிசையாக. விடியலில் கிளம்பினோம். திடலின் ஓரமெல்லாம் பனி. பாரம் அதிகம், சக்கரம் தரையைவிட்டு எழும்பவே மனமில்லாமல் ஓடியது, எழுந்தோம். வர்ஜீனியாவுக்கு மேலே எமில் முட்டை வைத்த ரொட்டி கொடுத்தார். கடுங்குளிர், சூட்டுக் குழாயை முழுதாகத் திறந்து வைத்திருந்தோம். ஹாட்டரஸ் முனையில் கலங்கரை விளக்கம், கறுப்பும் வெள்ளையும் சுற்றிச் சுற்றி. அதைப் பார்த்து எமிலிடம், "யாரோ மிட்டாயை நட்டு வச்சிருக்காங்க" என்றேன். அது நினைவிருக்கிறது.

அதற்கப்புறம்—

அதற்கப்புறம் காற்று. எமில் பக்கத்து ஜன்னல் திறந்திருக்கிறது. அவர் தன் தொப்பிக்குள் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார். வெயில் சாய்ந்து என் வலது கன்னத்தில் அடிக்கிறது. கீழே சதுப்பு நிலம், சதுப்பு நிலம், கண்ணுக்கெட்டியவரை. என் மண்டை பிளக்கிறது. என் கை ஸ்டியரிங்கில் இருக்கிறது. அவருடைய இடது கையும் அவர் பக்கத்து ஸ்டியரிங்கில்!

"எங்க இருக்கோம்?"

"சவன்னாவைத் தாண்டிட்டோம்னு நெனக்கிறேன்" என்றார். நெனக்கிறாராம். இந்த மனிதர் இதுவரை என்னிடம் 'நெனக்கிறேன்' என்று சொன்னதே இல்லை.

"சூடா இருக்கு, குழாயை மூடிட்டேன். முட்டை கெட்டுப் போயிருக்கணும்." தொப்பியை ஜன்னலுக்கு வெளியே வீசினார்.

நடுவில் ஒரு மதியம் முழுக்கக் காணோம். மேகம் இல்லை, கடல் இல்லை, ஒரு நினைப்புகூட இல்லை. வட கரோலினா, தென் கரோலினா இரண்டும் எனக்குக் கீழே போயிருக்க வேண்டும். ஒரு மரத்தைக்கூட நான் பார்க்கவில்லை. பார்த்தேனா?

இங்கே இறங்கியபோது இசைக்குழு, பூச்செண்டு, மேயரின் மனைவி. "பயணம் எப்படி இருந்தது?" என்று எல்லாரும். "அழகா இருந்தது" என்றேன். எமில் வலது கையைத் தூக்கி, முழுவழியும் நான்தான் ஓட்டினேன் என்று சத்தியம் செய்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 16, ஹவானா

ஹோட்டல் தாழ்வாரத்தில் எமிலை மடக்கினேன்.

"உண்மையைச் சொல்லுங்க. ஹாட்டரஸுக்கு அப்புறம் யார் ஓட்டினது?"

"நீங்கதான் மேடம்."

"நான் பார்த்தப்போ உங்க கையும் ஸ்டியரிங்ல இருந்ததே?"

"சாஞ்சு பிடிச்சிருப்பேன். வாந்தி வந்ததுல்ல."

"நீங்க பார்த்தீங்களா, நான் ஓட்டினதை?"

"நீங்கதான் ஓட்டினீங்க" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு, காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தார். அது கட்டித்தான் இருந்தது.

ஜனவரி 28, நியூயார்க்

ரயிலில் திரும்பினோம். நீலக் கொக்கை வேறு ஒருவர் மெல்ல மெல்ல இறங்கி இறங்கி ஓட்டி வந்து சேர்த்துவிட்டார். பத்திரிகைகளில் என் படம். சிகரெட் விளம்பரத்துக்குக் கேட்டு வந்தார்கள். தெருவில் ஒரு பெண் என் கையுறையை முத்தமிட்டாள். எனக்குக் கையை வெட்டிப் போட வேண்டும்போல் இருந்தது.

ஆனால் ஒன்று. இந்த இரண்டு வாரமாகத் தலைவலி இல்லை. பெயர்கள் வருகின்றன. டாக்டர் கிரிம்ஷாவுக்குப் பரம சந்தோஷம்: "பாத்தீங்களா, பறக்காம இருந்தாலே போதும்!" அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. லிட்ச்ஃபீல்டில் மார்ச் தொடக்கத்திலிருந்து அறை எடுத்தாகிவிட்டது.

பிப்ரவரி 5

கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

காலைச் சாப்பாட்டில் வின் முட்டையை உடைத்துக்கொண்டிருந்தான். "எமில்கிட்ட நீ ஏதாவது சொல்லி வச்சிருந்தியா?" என்றேன்.

"என்ன சொல்லி?"

"எனக்கு முடியலைன்னா அவரே ஓட்டணும், வெளிய சொல்லக்கூடாதுன்னு. எனக்கு எதையாவது கொடுத்துத் தூங்க வைக்கச் சொன்னியா? காப்பியில?"

கரண்டியைக் கீழே வைத்தான். "கிறுக்கு மாதிரி பேசாத, ஹெட்டி."

அந்த வார்த்தை வந்து மேசைமேல் உட்கார்ந்தது. இந்த வீட்டில் யாரும் சொல்லாமல் இத்தனை வருடம் காத்த வார்த்தை. அவன் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டான். "நான் அப்படிச் சொல்ல வரலை, சத்தியமா அப்படி இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் கோட்டுப் பொத்தான் என் நெற்றியில் அழுந்தியது. நான் யோசித்துக்கொண்டிருந்தேன்: காப்பியில் மருந்து என்று நினைப்பவளுக்கு என்ன பெயர்? அம்மாவும் சூப்பை முகர்ந்து பார்ப்பாள்.

அவன் என்னை ஏமாற்றுகிறானா, காப்பாற்றுகிறானா? எமில் பொய் சொல்கிறாரா? அல்லது நான் ஓட்டியதே எனக்கு நினைவில்லையா? எது நல்லது? மூன்றில் எதுவும் நல்லதில்லை.

பிப்ரவரி 14

முழங்கை இன்னும் வலிக்கிறது. எழுத்து கோணலாக வரும். பரவாயில்லை.

லிட்ச்ஃபீல்டு போவதற்குமுன் ஒரே ஒரு தடவை பறந்துவிட வேண்டும் என்று தோன்றியது. வின்னிடம் சொல்லவில்லை. திடலில் டீலியா இருந்தாள். "உன் பறக்கும் வரவேற்பறையை நானும் பார்க்கிறேனே" என்று அழைக்காமலே ஏறி உட்கார்ந்தாள். மாண்டாக் முனைவரை போய்த் திரும்பலாம் என்று கிளம்பினோம்.

ஏறியதிலிருந்து பேச்சு. யார் விவாகரத்து, யார் வீட்டுச் சமையல்காரி யார் வீட்டுக்கு ஓடினாள். "அடடா, காலுக்கு என்ன சுகம்! இதுல ஒரு பூனையும் இருந்தா நான் எறங்கவே மாட்டேன்." பேச்சு, பேச்சு. அப்புறம் பேச்சு இல்லை.

டீலியா பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. திரும்பினேன். தலை தொங்கிக் கிடந்தது. கன்னம் இரண்டும் பூசிவிட்டதுபோல் சிவப்பு. தோளைப் பிடித்து உலுக்கினேன். "அந்தக் கதவைச் சாத்தும்மா" என்று குழறினாள்.

எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. மெத்தையில் புதைவதுபோல். முன்னால் ஒரு முள் ஆடிக்கொண்டிருந்தது, அது எதற்கான முள் என்று யோசித்தேன். அது உயரத்தைக் காட்டும் முள். நான்கு வருடமாகப் பார்க்கும் முள்.

அப்போதுதான் ஒரு நினைப்பு வந்தது. மூட்டையை இழுத்துக்கொண்டு வருவதுபோல் மெல்ல மெல்ல வந்தது. டீலியாவின் அம்மா பைத்தியம் இல்லை. டீலியாவுக்கு நரம்புத் தளர்ச்சி இல்லை. அப்புறம் டீலியாவுக்கு ஏன்?

ஜன்னலைத் திறந்தேன். திறக்க வரவில்லை, முழங்கையால் இடித்தேன். குளிர் உள்ளே பாய்ந்து அறைந்தது. குழாயைக் காலால் உதைத்து மூடினேன். கீழே ரிவர்ஹெட் பக்கம் உருளைக்கிழங்கு வயல்கள், அறுவடை முடிந்து வெறும் மண். ஒன்றில் இறக்கினேன். நல்ல இறக்கம் இல்லை. வால் சக்கரம் போய்விட்டது.

டீலியாவை இழுத்து வெளியே போட்டேன். உழவுச் சால் ஓரத்தில் முட்டி போட்டு வாந்தி எடுத்தாள். நானும் எடுத்தேன். உறைந்த மண்ணில் இரண்டு பேரும் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம்.

"உன் வரவேற்பறை நாறுதுடி" என்றாள். அப்புறம், "பொத்தான், என்ன நடந்தது? நான் குடிக்கக்கூட இல்லையே."

எழுந்து எஞ்சினிடம் போனோம். இரண்டு பேரும் காலணிக் குதிகாலால் நெம்பி அந்தத் தகர உறையைக் கழற்றினோம். உறையின் உள்பக்கம் முழுக்கக் கரி. புகைக்குழாயில் நீளமாக ஒரு விரிசல். எஞ்சின் புகை சூட்டோடு சூடாக நேரே எங்கள் காலடிக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. அதிலிருக்கும் நஞ்சுக்கு வாசனைகூட இல்லை.

டீலியா அந்த விரிசலில் விரலை வைத்துப் பார்த்தாள். "இதோடயா ஹவானா போனே?" என்றாள். எனக்கு அழுகை வந்தது. நிற்கவில்லை. அவள் எண்ணெய்க் கையாலேயே என் முகத்தைத் துடைத்தாள். "அழாதடி, என்ன இப்ப, செத்தா போயிட்டோம்?"

அவளுக்குப் புரியவில்லை. அது சந்தோஷ அழுகை. பாதி.

பிப்ரவரி 15

வின்னிடம் சொன்னேன். மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவன் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான்தானே போட்டேன்" என்றான்.

"தெரிஞ்சா போட்டே?"

"உனக்குக் குளிரக்கூடாதுன்னுதான், ஹெட்டி. உன் விரல்..." என் விரல்களைப் பிடித்துக்கொண்டான். விட மாட்டேன் என்கிறான். "உன்னை அங்க அனுப்பப் பார்த்தேனே. கொல்லவும் பார்த்து, பூட்டவும் பார்த்திருக்கேன்."

கோபப்பட வேண்டும்போல் இருந்தது. பட முடியவில்லை. அவனுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். வேலைக்காரி நோரீன் காப்பித் தட்டோடு வந்து எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

டாக்டர் கிரிம்ஷாவிடம் தொலைபேசியில் சொன்னதற்கு, "சுவாரசியமான யோசனை, ஆனா அறையை ரத்து செய்ய வேண்டாம்" என்றாராம். வின் ரத்து செய்துவிட்டான்.

பிப்ரவரி 16

அம்மாவின் அறை. நான் வளர்ந்த அறுபத்து நான்காம் தெரு வீட்டில், மேல்மாடி. குளிர்காலம் முழுக்க ஜன்னலைத் திறக்கவிடமாட்டாள். மூலையில் வாயுக் கணப்பு, நீலச் சுடர்.

கோடையில் நியூபோர்ட் போனால் நன்றாக இருப்பாள். என்னைக் கடலில் இறக்கி நீந்தக் கற்றுக்கொடுத்தாள். எல்லார் பெயரும் தெரியும் அப்போது. இலையுதிர்ந்ததும் திரும்பி வருவோம், திரும்பவும் ஆரம்பித்துவிடும்.

அம்மாவுக்கும் அந்தக் கணப்புதானோ? அப்படி இருக்குமா? இருக்கவே இருக்காது. இல்லத்திலும் பல வருடம் அப்படித்தானே இருந்தாள்? அங்கே எதை எரித்தார்கள்? யாரிடம் கேட்பது? எல்லாரும் செத்துவிட்டார்கள். அந்த வீட்டையே இடித்துவிட்டார்கள்.

அம்மா, தெரியலம்மா. எனக்குத் தெரியல.

பிப்ரவரி 19

எமில் கொட்டகைக்கு வந்தார். உடைந்த வால் சக்கரத்தைப் பார்த்தார், கழற்றிப் போட்ட உறையைப் பார்த்தார், எண்ணெய் டப்பாமேல் உட்கார்ந்தார்.

"நான் தூங்கிட்டேன் மேடம்."

நான் எதிரே ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஹாட்டரஸ் விளக்கு ஞாபகம் இருக்கு. நீங்க மிட்டாய்னு சொன்னீங்க. அப்புறம் முழிச்சப்போ சதுப்பு நிலம். வேலையில தூங்கிட்டேன்னு நெனச்சேன். பதினோரு வருஷத்துல தூங்கினதே இல்லை. வெக்கமா இருந்தது. விமானம் வானத்துல இருக்கே, அப்ப நீங்கதான் ஓட்டியிருக்கணும்னு சத்தியம் பண்ணிட்டேன்."

"நான் நீங்கதான் ஓட்டினீங்கன்னு நெனச்சேன், எமில்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் அவருக்குத்தான் சிரிப்பு வந்தது, பிறகு எனக்கு. வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு சட்டென்று நின்றுவிட்டது. இரண்டு கரோலினா. ஊர்கள், பள்ளிக்கூடங்கள், கூரைகள். அதற்கு மேலே நாங்கள்.

யார் ஓட்டியது? பாதி மயக்கத்தில் நானா? அவரா? மாறி மாறியா? இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

பிப்ரவரி 26

சங்கத்தின் பதக்க விருந்து. முன்னூறு பேர் இருப்பார்கள். வின்னிடம் மட்டும் சொல்லியிருந்தேன். "சொல்லித்தான் ஆகணுமா?" என்றான் காரில். "இல்லை" என்றேன். "ஆனா சொல்லப்போறேன்." கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு, "அப்ப நான் முன் வரிசையில உக்காந்துக்கறேன்" என்றான்.

தலைவர் பதக்கத்தை என் கழுத்தில் போட வந்தார். நான் அதைக் கையில் வாங்கிக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவிருக்கிறது, அதனால் எழுதிவைக்கிறேன்.

"இதை நான் வாங்கிக்க முடியாது. ஹாட்டரஸிலிருந்து ஜார்ஜியா வரைக்கும் அந்த விமானத்தை யார் ஓட்டினதுன்னு எனக்குத் தெரியாது. மிஸ்டர் சாண்ட்கிரெனுக்கும் தெரியாது. புகையில இரண்டு பேரும் மயங்கிக் கிடந்தோம். உங்க விமானத்துல சூட்டுக் குழாய் இருந்தா நாளைக்கே கழட்டிப் பாருங்க. தலைவலி வந்தா அது உங்க தலைன்னு மட்டும் நெனக்காதீங்க."

பதக்கத்தை மேசையில் வைத்தேன். பின்னாலிருந்து ஒருத்தி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். டீலியாதான், வேறு யார்.

வெளியே வரும்போது மாமியார் கம்பளிச் சால்வையை இழுத்து மூடிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். நின்றார். "ஹெஸ்டர், முப்பது வருஷமா இந்த மாதிரி விருந்துக்கு வர்றேன். இன்னைக்குத்தான் கண்ணைத் திறந்து உக்காந்திருந்தேன்" என்றார். பாராட்டா, திட்டா? காரில் ஏறிவிட்டார்.

மார்ச் 9

பதிவு ரத்து. ஒரு பத்திரிகையில் பெரிய எழுத்தில்: 'பொத்தான் கழன்றது!' வின் அதை மெத்தை இடுக்கில் ஒளித்து வைத்திருந்தான். கண்டுபிடித்துச் சிரித்தேன். அப்புறம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

பொய்ச் சத்தியம் செய்ததற்காக எமிலின் உரிமத்தை ஒரு வருடம் நிறுத்திவிட்டார்கள். ஊருக்குப் போகிறார். அண்ணனின் பால்பண்ணை இருக்கிறதாம். "மாடு மயங்கினா தெரியும் மேடம், கீழ விழுந்துடும்" என்றார் கை குலுக்கும்போது.

சொல்லாமல் இருந்திருந்தால் அவர் பறந்துகொண்டிருப்பார்.

மார்ச் 31

டீலியா ஹவானா போய்விட்டாள். நடுவில் நிற்காமல். பதிவு அவளுடையது. தந்தி: "பல்லெல்லாம் ஆடிப்போச்சு. மூக்குல பனி. முழுக்க முழிச்சிருந்தேன். கோவிச்சுக்காத."

கோபம் இல்லை என்று பதில் அனுப்பினேன். பொய்.

ஜூன் 7

நேற்று விரிகுடாமேல் பறந்து திரும்பியபோது வின் திடலில் நின்றிருந்தான், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு. நான் பறக்கும்போதெல்லாம் அவனுக்குச் சாப்பாடு இறங்குவதில்லையாம். நிறுத்தச் சொல்லவில்லை. "சொல்லத்தான் வந்தேன். வாய் வரலை" என்றான்.

என்னால் நிறுத்த முடியுமா? தெரியவில்லை. அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி?

செப்டம்பர் 3

எதுவும் எழுதத் தோன்றவில்லை. தினமும் பறக்கிறேன். தலை தெளிவாக இருக்கிறது. தலை தெளிவாக இருந்தால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 20, ஹவானா

தனியாக வந்தேன். சார்ல்ஸ்டனில் ஓர் இரவு, மயாமியில் ஓர் இரவு. பதிவுக்காக இல்லை. யாரிடமும் சொல்லவில்லை, வின்னைத் தவிர. அவன் கப்பலில் வருகிறான். நாளை மறுநாள் வந்து சேருவான். விமானத்தில் ஏறமாட்டானாம், ஆனால் நான் போய் இறங்கும் ஊருக்கெல்லாம் வருவானாம்.

இசைக்குழு இல்லை. சுங்க அதிகாரி ஒருவர் மட்டும் குடையோடு புல்லில் நடந்து வந்தார். என்னைத் தாண்டி விமானத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஓட்டினவர் எங்க சென்யோரா?"

"நான்தான்."

இன்னொரு முறை உள்ளே பார்த்தார். இருக்கைக்குப் பின்னாலும் பார்த்தார். பிறகு மேசைக்குக் கூட்டிப்போய்த் தாளை எடுத்தார்.

"எந்த வழியா வந்தீங்க?"

எந்த வழியா? சொன்னேன். ஹாட்டரஸுக்குத் தெற்கே கடல் இரண்டு நிறமாகப் பிரிவதைச் சொன்னேன். கேப் ஃபியர் ஆற்றுமுகத்தில் ஒற்றைப் பாய்மரம், அதில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் எனக்குக் கையாட்டினான். வில்மிங்டனில் ஒரு தேவாலயக் கூரையில் ஆள் உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அறுத்த நெல்வயல்களில் தண்ணீர் நின்று வானம் தெரிந்தது. ஓரிடத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் அண்ணாந்து பார்த்து, தலையணை உறையைக் கைநழுவ விட்டாள். ஜார்ஜியா தீவுகளில் குதிரைகள், கரையோரமாக, என் நிழலுக்கு மிரண்டு ஓடின. அவற்றில் ஒன்று ஓடவில்லை—

"போதும் சென்யோரா, போதும்" என்று கையைக் காட்டினார் அவர். "இங்க ஒரு வரிதான் இடம் இருக்கு. கையெழுத்துப் போடுங்க, எனக்குச் சாப்பாட்டுக்கு நேரமாச்சு."

போட்டேன்.